சேனை வைத்த பிள்ளை

அப்பாவுக்குக் கண்புரை எடுத்த மறுமாதத்திலிருந்து எங்கள் வீட்டில் பழைய காலண்டர்கள் காணாமல் போக ஆரம்பித்தன. அப்போது நான் ராசா என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தேன். வருஷா வருஷம் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கச் சாமி படம் போட்ட காலண்டர் அடிப்போம். மிஞ்சியவை மாடிப்படிக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடக்கும். கறிவேப்பிலை மடிக்கவும் கருவாடு சுற்றவும் அதைத்தான் எடுப்பேன். ஒரு நாள் கையை விட்டுத் துழாவினால் வெறும் தரை. எனக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கத்திக்கொண்டே பின்கட்டுக்குப் போனேன். அங்கே அப்பா பாயில் குப்புறப் படுத்து, முருகன் படம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சாமி மொகத்தத் தரையில வச்சு அப்படி என்னப்பா எழுதுறீங்க?"

"கண்ணுதான் பளிச்சுன்னு தெரியுதேம்மா. சும்மா வச்சிருந்தா பாவம்ல."

குனிந்து பார்த்தேன். முதல் வரியிலேயே சயாம் என்று இருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பா பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அவரை லாரியில் ஏற்றி, சயாம் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்போது எனக்கு நாலு வயசு. சண்டை ஓய்ந்து அவர் திரும்பி வந்தபோது எனக்குப் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று யார் கேட்டாலும், "பெரிய காடும்மா" என்பார். அவ்வளவுதான். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, தலையில் நரை விழுந்த பிறகும் அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ரகசியம் தங்குமா? சாயங்காலத்துக்குள் பெரியம்மாவுக்குச் சேதி எட்டிவிட்டது.

பெரியம்மா எங்களுக்கு ரத்த சொந்தமில்லை. அவள் புருஷனும் என் அப்பாவும் ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பலில் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த அப்பாவுக்கு அவர்தான் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டாராம். கரை இறங்கும்போது அண்ணன் தம்பியாக இறங்கினார்கள். தோட்டத்து லயத்திலும் பக்கத்துப் பக்கத்து வீடு. பெரியம்மாவுக்குக் குழந்தை கிடையாது. அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து நின்று என்னோடு ராசாவுக்கு வந்தபோது, பெரியம்மாவை என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. சாமான் ஏற்ற லாரி வந்ததும் முதலில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தது அவள்தான்.

பெரியப்பாவும் சயாமுக்குப் போனவர். அவர் திரும்பவில்லை. ஆனால் பெரியம்மாவின் நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம் இருக்கும். கழுத்தில் தாலி இருக்கும். "செத்துட்டாருன்னு எவன் சொன்னான்? சயாம்காரி ஒருத்தி மயக்கி வச்சிருக்கா" என்பாள். அந்தச் சயாம்காரியை அவள் திட்டாத நாள் கிடையாது. அவளுக்குப் பல் எடுப்பு, நடை கோணல், ஒரு ரசம் வைக்கக்கூடத் துப்பில்லை. எல்லாம் பெரியம்மாவே கண்டுபிடித்தது. பெரியப்பாவையும் விடமாட்டாள். "வெக்கங்கெட்ட மனுசன், கட்டினவள மறந்துட்டு அங்க ஒக்காந்து நண்டுக் கொழம்பு திங்கிறாரு" என்று வெற்றிலை எச்சிலைத் துப்புவாள். எங்கள் பிள்ளைகள்கூட நண்டு சமைத்தால், "பெரிய தாத்தாவுக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க" என்று அவளைச் சீண்டுவார்கள். அவளும் சிரிப்பாள்.

"ஏன்டா, சயாம் கதை எழுதுறியாமே?" என்று அன்றைக்கு நேராக அப்பா எதிரில் வந்து நின்றாள். "ஒங்க அண்ணன் வர்றாரா அதுல?"

அப்பா தலையை ஆட்டினார்.

"அப்ப நான் கேக்கணும். எனக்குத்தான் படிப்பு இல்ல. இவளப் படிக்கச் சொல்லு. இவளுக்குத்தான் லவுட்ஸ்பீக்கர் தொண்டையாச்சே."

அறுபது வயசு தாண்டிய என் அப்பாவை 'டா' போட்டுப் பேச இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. அவளுக்கு அவரைவிட நாலைந்து வயசுதான் கூட. முன்னெல்லாம் அவளும் மரியாதையாகத் 'தம்பி, வாங்க, போங்க' என்றுதான் பேசியவளாம். அப்பா திரும்பி வந்த அன்றைக்கு அது மாறியது. அந்த நாள் எனக்கே நினைவிருக்கிறது.

அப்பா போய் வெகுநாள் கழித்து, சயாமிலிருந்து தப்பி வந்த ஒரு ஆள் எங்கள் லயத்துக்கு வந்தார். இரண்டு பேரையும் பார்த்தேன் என்றார். பெரியப்பா உயிரோடு இருக்கிறார், என் அப்பா பேதியில் போய்விட்டார் என்றார். காய்ச்சலில் அவருக்கே கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் சொன்னதை நம்பினோம். உடம்பு இல்லாததால் கோயில் பூசாரி லாலான் புல்லை அறுத்து, ஆள் மாதிரி முடைந்து, அதற்குக் கொள்ளி வைக்கச் சொன்னார். கருமாதியும் நடந்தது. படையலுக்கு அரிசி ஏது அந்தக் காலத்தில்? மரவள்ளிக்கிழங்கைத்தான் வைத்தோம். அம்மாவின் தாலியைக் கழற்றும்போது அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதது பெரியம்மா. அம்மா கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தியிருந்தாள். அது என் கன்னத்தில் உராய்ந்து எரிந்தது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, ஒரு மத்தியானம் லயத்து முனையில் எலும்புக்கூடு மாதிரி ஒருவர் வந்து நின்றார். நாய் குரைத்தது. அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "பேய்!" என்று கத்திக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். அப்பா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தோட்டமே கூடிவிட்டது. தொட்டுப் பார்த்து, கிள்ளிப் பார்த்து, ஆள்தான் என்று முடிவான பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. கருமாதி ஆகிவிட்ட ஆள் வாசப்படி தாண்டி வீட்டுக்குள் வரலாமா? வரக்கூடாது என்றார் பூசாரி. "கணக்குப்படி இவரு செத்தவரு. உள்ள வரணும்னா புதுசா பொறந்துதான் வரணும்" என்றார்.

நிஜமாகவே பிறக்க வைத்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். வேட்டித் துணியில் சுற்றினார்கள். ரம்புத்தான் மரக்கிளையில் சேலையைத் தூளியாகக் கட்டி அவரை அதில் படுக்க வைத்து ஆட்டினார்கள். மீசை வைத்த குழந்தை! சேலை கிழியாமல் தாங்கியது என்றால் அவரிடம் எவ்வளவு கனம் இருந்திருக்கும் என்று பாருங்கள். பல வருஷமாகச் சிரிக்காத பொம்பளைகள் அன்றைக்குச் சிரித்தார்கள். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்க வேண்டுமே? பிறந்ததும் நாக்கில் வைக்கிற சீனித்தண்ணி. யார் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும், அவர் தாய்க்குச் சமம் என்பார்கள். பெரியம்மா முன்னால் வந்தாள். எங்கிருந்தோ கொஞ்சம் சீனி வாங்கிக் கரைத்து, விரலால் தொட்டு அப்பாவின் நாக்கில் வைத்தாள்.

"நாக்குல தித்திப்பு வச்சிருக்கேன். நல்ல சேதி சொல்லுடா. ஒங்க அண்ணன் எங்க?"

அதுதான் முதல் 'டா'.

"பின்னால வர்றாரு" என்றார் அப்பா.

பிறகு அவர் என் அம்மாவுக்கு மறுபடியும் தாலி கட்டினார். பெற்றவர்கள் கல்யாணத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதை என் புருஷனிடம் சொல்லிக் காட்டிப் பெருமை அடிப்பதுண்டு.

பெரியப்பா பின்னால் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் திரும்பாதவர்கள் நிறைய. ஆனால் எவருக்கும் கருமாதி செய்ய அதன் பிறகு ஒருவருக்கும் துணிவில்லை. "அவசரப்பட்டு அவனுக்குப் பண்ணோம், வந்து நிக்கிறான் பாரு" என்று அப்பாவைக் கைகாட்டிவிடுவார்கள். பொம்பளைகள் குங்குமத்தோடு காத்திருந்தார்கள். பலர் அப்படியே கிழவியாகிச் செத்தும் போனார்கள். பெரியம்மா மட்டும் சயாம்காரியைத் திட்டிக்கொண்டு திடமாக இருந்தாள்.

மத்தியானம் கடையை இழுத்து மூடிச் சாப்பிட்ட பிறகு படிப்பு. நான் நாற்காலியில் உட்காருவேன். பெரியம்மா கீழே கால் நீட்டி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொள்வாள். அம்மா அரிசியில் கல் பொறுக்குவாள். அப்பா அறைக்குள் படுத்துக்கொள்வார். கதவு மட்டும் திறந்திருக்கும்.

எழுத்தில் முற்றுப்புள்ளி கிடையாது, மூச்சு விட இடம் கிடையாது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். காலையில் வேலைக்கு முன் பெரட்டு எடுக்கும் களத்தில், மேஸ்திரி மண்டோர் ஆள் எண்ணிக்கொண்டிருந்தபோது லாரிகள் வந்து சூழ்ந்துகொண்டனவாம். போர்டிக்சன் கடற்கரைப் பக்கம் லாரி போகச் சடக்கு போட வேண்டும், கொஞ்ச நாள் வேலை, அரிசி கிடைக்கும் என்று தமிழ் தெரிந்த ஒருவன் சொன்னானாம். இளவட்டமாகப் பார்த்துப் பிடித்து ஏற்றினார்கள். அப்பா சும்மா ஏறவில்லை. பால் வெட்டும் உளியைக் கையில் ஓங்கிவிட்டார். அந்த நாளில் அவர் அப்படிப்பட்ட முன்கோபி. சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பினான். பெரியப்பாவை அவர்கள் பிடிக்கவே இல்லை. அவர் வயசைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். அவராக ஓடிவந்து, உளியைப் பிடுங்கிக் கீழே போட்டு, அப்பாவின் தோளை அணைத்துக்கொண்டு லாரியில் ஏறினார்.

"இவன் கைய நீட்டிருவான். நான் கூடப் போய்ட்டு வந்துர்றேன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாராம்.

"என்னப் பாத்துதான் சொன்னாரு" என்றாள் பெரியம்மா. "நான் ஓடியாந்தேன். போகாதீங்கன்னு கத்துறேன், அவரு சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டுறாரு. அந்தச் சிரிப்புக்குத்தான்லா நான் ஏமாந்தேன்."

அதற்குப் பிறகு வந்தவை கேட்க முடியாதவை. இரும்பு கூட்ஸ் வண்டிக்குள் வெயிலில் அடைத்து வைத்தது. காட்டுக்குள் மழையில் நடந்தது. தண்டவாளத்துக்குச் சிலிப்பர்க் கட்டை சுமந்தது. காலில் புண் வந்தவன் கறி தெரியும்படி கிடந்தது, அதைக் கரண்டியால் சுரண்டியது. அப்பா எதையும் மூடிப் பேசவில்லை. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பெரியம்மா அசையமாட்டாள். "ம், படி" என்பாள். ஏனென்றால் அந்தக் கண்றாவிக்கு நடுவில் பெரியப்பா வந்துகொண்டே இருந்தார்.

கஞ்சித் தண்ணியில் உப்பில்லை என்று ஆட்கள் முனகினால், "எம்பொண்டாட்டி ரசத்தக் குடிச்சவனுக்கு இது அமிர்தம்டா" என்பாராம். டிரம்மின் அடியில் தீய்ந்து ஒட்டிய சோற்றைச் சுரண்டி ஆளுக்கு ஒரு கிள்ளு கொடுத்து, "எங்க வீட்டுச் சாப்பாடு, சாப்பிடுங்க" என்பாராம். இதைப் படித்ததும் பெரியம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வெற்றிலைப் பெட்டி கவிழ்ந்தது.

"ஆமாண்டி, எனக்கு அடுப்பு வசப்படாது. தெனம் தீயும். நான் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அவரு, 'எனக்கு அடிப்பிடிச்சதுதான்டி பிடிக்கும், நல்லதை நீ தின்னு'ம்பாரு. எமகாதகன்!"

அந்த மத்தியானங்களில் அவள் முகம் இருந்ததை நான் எப்படிச் சொல்வேன்? காலையில் எழுந்ததும் தலை வாரிப் பூ வைத்துக்கொள்வாள். கேட்டால், "சும்மாதான்" என்பாள். இத்தனை வருஷம் கழித்து அவள் புருஷன் தினமும் மத்தியானம் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான் விஷயம். எனக்கும் அவர்மேல் ஆசை வந்துவிட்டது. படிக்கப் படிக்க ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. நான் அறிந்த அப்பா உளி ஓங்கியவர் இல்லை. யார் கத்தினாலும் மெல்லச் சிரித்து, ஏதாவது கேலி சொல்லி அந்தக் கோபத்தை அணைத்துவிடுகிறவர். பெரியம்மா வைத்த சேனைதான் அவரை மாற்றியது என்பார்கள். அவள் குணம் வந்திருந்தால் வீடு தாங்கியிருக்காது! அந்தத் தாள்களில் பெரியப்பா பேசுகிற மாதிரியேதான் என் அப்பா பேசுவார்.

கடையில் கூட்டமில்லாத காலை வேளையில் அன்றைய தாள்களை ஒரு தடவை பார்த்து வைப்பது என் வழக்கம். அப்படித்தான் ஒரு நாள் அந்தத் தாளுக்கு வந்தேன். லட்சுமி படம் போட்ட தாள். நின்றுகொண்டே படித்தேன். யாரோ வந்து பருப்பு கேட்டார்கள். நான் சீனியை நிறுத்துக் கொடுத்தேனாம்.

கடையைப் பாதியில் போட்டுவிட்டு அப்பாவிடம் போனேன்.

"இத நான் எப்படிப்பா அவங்க மொகத்தப் பாத்துப் படிப்பேன்? தெரிஞ்சிருந்தும் இத்தன வருஷமா வாயத் தொறக்கலியே. நீங்கள்லாம் மனுசனா?"

அப்பா கோபப்படவில்லை. "எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சும்மா. நாக்குல சீனித்தண்ணி வச்சு, நல்ல சேதி சொல்லுன்னு கேட்டாங்க. அந்த நாக்கால இத எப்படிச் சொல்றது? கைதான் பாக்கி இருந்துச்சு. கண்ணும் சரியில்ல. இப்பக் கண்ணு வந்துருச்சு. அதான் எழுதினேன். மத்ததெல்லாம் இந்த ஒரு தாளுக்காகத்தாம்மா."

அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். "அந்த ஒண்ண மட்டும் விட்டுட்டுப் படிச்சிரேன்டி" என்றாள். "பூவெல்லாம் வச்சுக்கிட்டு வந்து ஒக்கார்றா. இந்த வயசுல அவ தாங்குவாளா?"

விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம்? சயாம்காரியைத் திட்டிக்கொண்டே சந்தோஷமாகப் போய்ச் சேருவாள். ஆனால் மத்தியானம் பெரியம்மா வந்து கால் நீட்டி, "ஏன்டி, மொகம் ஏன் இப்படி இருக்கு? அவருக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டாள். பெரியப்பா நேற்றைய தாளில் நன்றாகத்தான் இருந்தார். என் முகத்தை வைத்துக் கேட்கிறாள். அவளிடம் பொய் படிக்க எனக்கு மனசு வரவில்லை. அப்பா அன்றைக்கு அறைக்குள் படுக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் படித்தேன்.

'அண்ணனுக்குப் பேதி கண்டுச்சு விடியறதுக்குள்ள கண்ணு உள்ள போயிருச்சு பேதிக்காரங்கள ஒரு கொட்டாயில தள்ளி உசுரு இருக்கோ இல்லியோ கொளுத்துவான் நான் அண்ணனைத் தோள்ல தூக்கிப் போட்டு மூங்கில் பொதருக்குப் பின்னால கொண்டு போயி படுக்க வச்சேன் கனமே இல்ல தண்ணி கேட்டாரு குடுத்தேன் நான் வரலன்னா அவ என்னைத் திட்டிக்கிட்டே இருப்பா திட்ட வேணாம்னு சொல்லுடான்னாரு சிரிச்சாரு அப்புறம் பேச்சு இல்ல வாய்க்கரிசி போட அரிசி இல்ல கஞ்சி டிரம்முல அடிப்பிடிச்ச சோத்தச் சொரண்டி வாயில வச்சேன் கையால தோண்டிப் பொதைச்சேன் நரி தோண்டாம மேல கல்லு வச்சேன் அண்ணி என்னை மன்னிக்கணும் நான் பின்னால வர்றாருன்னு சொன்னது பொய்'

பெரியம்மா கையிலிருந்த வெற்றிலையை மடித்தபடியே இருந்தாள். சிறிதாகச் சிறிதாக மடித்தாள்.

"தீஞ்ச சோறா?" என்றாள்.

"ஆமா பெரியம்மா."

"அதுதான் அவருக்குப் பிடிக்கும்."

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அம்மா கை கொடுத்தாள். பெரியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அப்பாவுக்கு நேராக நின்றாள்.

"திட்ட வேணாம்னு சொல்லி அனுப்பியிருக்காரு. அது ஒரு சேதி. அத எங்கிட்டச் சேத்தீங்களா தம்பி? தெனம் காலம்பொறத்திலேர்ந்து செத்தவரத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேனே. வெக்கங்கெட்டவன்னேன். இல்லாதவ ஒருத்திய அவர் பக்கத்துல படுக்க வச்சுப் பேசினேன். நீங்க அதக் கேட்டுக்கிட்டு எங்கூட ஒக்காந்து சோறு தின்னீங்களே!"

தம்பி. நீங்க. செருப்பால் அடித்திருந்தால்கூட அப்பாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதன் பிறகு வீட்டில் மரியாதை தலைவிரித்தாடியது. "தம்பி, கோப்பி வேணுங்களா?" "தம்பி, குளிச்சிட்டீங்களா?" ஒவ்வொரு 'ங்க'வுக்கும் அப்பா ஒரு சுற்று இளைத்தார். பெரியம்மா பூ வைக்கவில்லை. குங்குமத்தை அழிக்கவும் இல்லை. அம்மா தயங்கித் தயங்கி, "அக்கா, தாலிய..." என்று ஆரம்பித்ததற்கு, "அது எனக்கும் அவருக்கும். நீ ஒன் வேலயப் பாரு" என்று பதில் வந்தது. சயாம்காரி எங்கள் வீட்டை விட்டே போய்விட்டாள். அந்தத் திட்டு இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது. நான் அப்பாவிடமும் சரியாகப் பேசவில்லை, பெரியம்மாவிடமும் பேச முடியவில்லை. கடைக்கு வந்தவர்களைத்தான் கடித்துக் குதறினேன்.

ஒரு காலையில் கருகல் வாடை வந்தது. அம்மா அடுப்படிக்கு ஓடினாள்.

"ஐயோ அக்கா, சோறு தீயுது!"

"தீயட்டும். அடுப்பத் தொடாத."

பெரியம்மா குளித்து, ஈரத் தலையோடு பானை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நன்றாகத் தீய்ந்த பிறகு இறக்கி, அடியைச் சுரண்டி, வாழையிலையில் வைத்துக் கட்டி, வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்டாள். பிறகு அப்பாவின் அறை வாசலுக்குப் போனாள்.

"ஏன்டா, இன்னும் என்ன படுக்க? எந்திரி. போர்டிக்சன் போகணும்."

அப்பா எழுந்த வேகத்தைப் பார்த்தால் அவருக்கு இருபது வயசு என்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வேட்டியைத் தேடினார்.

"போர்டிக்சன் எதுக்கு பெரியம்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"அங்க போறதாச் சொல்லித்தானே அவர லாரியில ஏத்துனாங்க? இன்னும் போய்ச் சேரலியே அவரு. கொண்டுபோய் எறக்கி விட்டுருவோம்."

என் புருஷன் காரை எடுத்தார். வழியெல்லாம் பெரியம்மா முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை மட்டும், "தண்ணி கேட்டப்ப நல்ல தண்ணி குடுத்தியாடா?" என்று கேட்டாள். "மழத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தேன் அண்ணி, சுத்தமான தண்ணி" என்றார் அப்பா. அவள் தலையை ஆட்டினாள்.

கடற்கரையில் காரியம் செய்து வைக்கிற பூசாரி சின்ன வயசுக்காரர். மணலில் இலை விரித்து, எள்ளும் தண்ணீரும் எடுத்து வைத்தார். அப்பாவைக் கடலைப் பார்த்து உட்கார வைத்து, விரலில் தர்ப்பையை மாட்டினார். யாருக்கு, எப்போது தவறினார் என்று கேட்டார். ஜப்பான்காரன் காலத்தில் என்று அம்மா சொன்னதும் நிமிர்ந்து எங்களை ஒரு முறை பார்த்தார்.

"இறந்தவருக்கு ஐயா என்ன முறைங்க?"

அப்பா பெரியம்மாவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி முறைங்களா?" என்றார் பூசாரி.

"மவன்" என்றாள் பெரியம்மா.

பூசாரி அப்பாவின் வெள்ளைத் தலையைப் பார்த்தார், அவள் வெள்ளைத் தலையைப் பார்த்தார்.

"பாட்டி, இவரு..."

"என்ன பாக்குற? நான் சேனை வச்ச புள்ள. அவருக்கு வாய்க்கரிசி போட்ட புள்ள. இதுக்கு மேல ஒனக்கு என்ன மொறை வேணும்? மவன்னு சொல்லி மந்திரத்தச் சொல்லு."

பூசாரி மந்திரத்தை ஆரம்பித்தார். பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அப்பாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அப்பா அவள் பக்கம் கையை நீட்டினார்.

"சோத்தக் குடும்மா" என்றார்.

பெரியம்மா முடிச்சை அவிழ்த்தாள்.